மூக்கை நம்பாதீர்கள், நுரையை நம்புங்கள்

"எங்க வீட்ல லீக்கெல்லாம் கிடையாது சார். இருந்தா வாசனை வந்திருக்காதா?" என்றார் என் நடைப்பயிற்சி நண்பர். அவருக்கு வயது 73. பால் அடிப்பிடித்த காபியை ஒன்றும் தெரியாமல் குடித்துவிட்டு, வீட்டம்மாவிடம் பேச்சு வாங்கியதை முந்தின நாள்தான் சிரித்துக்கொண்டே சொன்னவர்!

சமையல் கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். நல்ல மூக்கை நம்பிச் செய்த ஏற்பாடு அது. வயதாக ஆக முகரும் சக்தி குறைகிறது. ஜலதோஷம் பிடித்தால் அதுவும் போச்சு. கோவிட் வந்துபோன சிலருக்கு இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. போதாததற்கு, ஒரே நாற்றத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். நாள் முழுக்க வீட்டுக்குள் இருக்கும் நாம்தான் வாசனையை நம்பக் கூடாதவர்கள்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு முறை சிலிண்டர் பத்து நாள் முன்னதாகவே தீர்ந்துவிட்டது. "அடுப்பை எரியவிட்டு விட்டு சீரியல் பார்க்கிறாய்" என்று மனைவியிடம் சண்டை போட்டேன். அடுத்த சிலிண்டர் மாட்டிய மூன்றாம் நாள், கீழ் வீட்டுப் பெண் உறைமோர் கேட்டு வந்தாள். வாசலிலேயே நின்று, "என்ன மாமா, கேஸ் நாத்தம் அடிக்குதே?" என்றாள். எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மெக்கானிக் வந்தார். அடுப்பை ஒரு பார்வை பார்த்தார். "குமிழ் தேய்ஞ்சு போச்சு" என்று இரண்டையும் மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் அந்தப் பெண் அதையேதான் சொன்னாள். பிறகு நானே சோப்புத் தண்ணீர் கரைத்துத் தடவினேன். ரெகுலேட்டரில் ட்யூப் மாட்டும் இடத்தில் நுரை குமிழியிட்டு வளர்ந்தது. கிளிப்புக்கு அடியில் மயிரிழை வெடிப்பு. ட்யூபில் அச்சடித்த வருஷத்தைப் பார்த்தால் அதற்கு வயது ஏழு; ஐந்து வருஷத்தில் மாற்றியிருக்க வேண்டியது. தப்பு மெக்கானிக் மேல் பாதி, என் மேல் பாதி. மனைவி மேல் துளியும் இல்லை.

அதனால் சொல்கிறேன்: எங்கே கசிகிறது என்று கண்ணால் காட்டாதவரை ஒரு பாகத்தையும் மாற்ற விடாதீர்கள். பார்ப்பது சுலபம். அடுப்புக் குமிழ்களை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து வையுங்கள். ரெகுலேட்டர் உட்காரும் இடம், ட்யூபின் இரண்டு முனைகள், ட்யூபின் முழு நீளம் எல்லாவற்றிலும் நுரையைத் தடவுங்கள். குமிழி வளர்கிற இடம்தான் ஓட்டை. புது சிலிண்டர் வந்தால் எடை போட்டு, கசிவும் பார்த்துத்தான் தர வேண்டும். "நேரமில்லை சார்" என்று அவர் கிளம்பினால் நாம் விடக் கூடாது. வால்வுக்குள் இருக்கும் சின்ன வாஷர் கெட்டிருந்தாலும் கசியும். நூலில் கட்டி வரும் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். வால்வு கசிந்தால் அதை அடைக்க அந்த மூடிதான் வேண்டும்.

"நாங்க நாற்பது வருஷமா தீக்குச்சி கிழிச்சுத்தான் பார்க்கிறோம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தீக்குச்சியும் ஓட்டையைக் காட்டும், பற்றவைத்துக் காட்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து கிடக்கும். உங்கள் காலடியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது குச்சிக்குத் தெரியாது. நாற்பது வருஷம் ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம். அதை அனுபவம் என்று சொல்லாதீர்கள்.

நாற்றம் பலமாக இருந்தால் நுரைப் பரிசோதனையும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேனையும் போடாதீர்கள். வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள்.

என் நண்பர் வீட்டுக்கு நாளைக் காலை நானே சோப்புக் கிண்ணத்தோடு போகிறேன். நீங்களும் உங்கள் ட்யூபில் என்ன வருஷம் போட்டிருக்கிறது என்று இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள், எழுத்து பொடியாக இருக்கும்.