பேரிங் மாற்றுவது இலக்கிய விரோதமா?

காரின் முன்சக்கரப் பேரிங்கை வீட்டிலேயே மாற்றுவது பற்றி இலக்கிய வாசகர்கள் கூடும் இடத்தில் பேச்செடுத்தால் இரண்டு விதமான எதிர்வினைகள் வரும். ‘அதெல்லாம் மெக்கானிக் வேலை, நமக்கெதற்கு?’ என்பது முதலாவது. ‘ஒரு படிமமாக எழுதினால் நன்றாயிருக்கும்’ என்பது இரண்டாவது. முதலாவதை மன்னித்துவிடலாம், சோம்பல் மனித இயல்பு. இரண்டாவதைத்தான் நாங்கள் மறுக்க விரும்புகிறோம். காலச்சக்கரம் வேண்டும், வாழ்க்கைச் சக்கரம் வேண்டும், கிரீஸ் படிந்த சக்கரம் மட்டும் வேண்டாம் என்கிற இந்த ரசனை எங்கிருந்து வந்தது?

நம் மரபிலிருந்து வரவில்லை. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் உப்பு வணிகர்கள் மேடுபள்ளமான வழியை நினைத்து வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ‘சேம அச்சு’ என்று ஔவையார் அதற்குப் பெயர் சொல்கிறார். அந்த அச்சைத்தான் ஒரு தலைவனுக்கு உவமையாக்குகிறார். பாரவண்டியின் அச்சு எந்த இடத்தில் முறியும், முறிந்தால் நடுவழியில் என்ன ஆகும் என்பது பாடியவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அதனால்தான் உவமை நிற்கிறது. அச்சைத் தொடாதவர்கள் அச்சைப் பாட ஆரம்பித்தபோதுதான் சக்கரம் வெறும் தத்துவமாகச் சுழல ஆரம்பித்தது.

ஆகவே படிமத்தை ஒதுக்கிவிட்டு வேலையைச் சொல்கிறோம். முன்சக்கரங்களால் ஓடும் சாதாரணச் சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வேகம் சற்று ஏறியதும் கீழிருந்து ஒரு முனகல் கேட்கிறது. வேகத்தோடு அதுவும் ஏறுகிறது. நியூட்ரலில் போட்டாலும் நிற்காததால் என்ஜின் குற்றவாளி அல்ல. இடப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்தான். வளைவில் வண்டியின் பாரம் வெளிச்சக்கரத்தின் மேல் சாய்கிறது. (ஏறுமாறாகத் தேய்ந்த டயரும் இதே குரலில் பாடும் என்பதால் அவசரப்பட்டுத் தீர்ப்பெழுதக் கூடாது.) சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுழற்றினால், காதுக்கு எட்டாத கரகரப்பு விரல்களுக்கு எட்டும். மெக்கானிக் பையன் ‘பேரிங் போயிடுச்சு’ என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவது இந்த விரலறிவினால்தான்.

ஆக்சிலின் பெரிய நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, நீளமான பிடி போட்டுத் தளர்த்த வேண்டும். பிறகுதான் வண்டியைத் தூக்குவது; தூக்கியபின் ஸ்டாண்டில் நிறுத்துவது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியடியில் போகிறவர் அசட்டுத் துணிச்சல்காரர். காலிபரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட வேண்டும். பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. டிஸ்க், ஏபிஎஸ் சென்சார், ஸ்டியரிங் இணைப்பு, பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் போல்ட்டுகள் எல்லாம் கழன்றால் நக்கிள் எனப்படும் வார்ப்புத்துண்டு கைக்கு வரும். அதிலிருந்து ஹப்பைத் தள்ளி எடுத்து, சர்க்ளிப்பைப் பிடுங்கி, பழைய பேரிங்கை வெளியேற்ற வேண்டும். உள்வளையத்தின் ஒரு பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு போவது வழக்கம். அதற்குத் தனியாகப் புல்லர் போட வேண்டும்.

புதியதைப் போடும்போது ஒரு விதி இருக்கிறது. பேரிங்கை நக்கிளுக்குள் அழுத்துகையில் விசை வெளிவளையத்தின் மேல் மட்டும் விழ வேண்டும். ஹப்பைப் பேரிங்குக்குள் அழுத்துகையில் உள்வளையத்துக்குக் கீழே முட்டுக்கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் விசை முழுவதும் குண்டுகளின் வழியாகப் போகும். குண்டுகள் தம் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் பதிக்கும். புதுப் பேரிங் சில வாரங்களில் பழையதைப் போலவே முனகும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதற்கும் இதே கதிதான். ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் பலவற்றில் பேரிங்கின் ஒரு பக்க சீல் காந்தமூட்டப்பட்டிருக்கும். அது சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். கடைசியில் புது ஆக்சில் நட்; கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கு. அந்த முறுக்கு ஏறும்வரை வண்டியின் பாரத்தைச் சக்கரத்தின் மேல் இறக்கக் கூடாது.

இதில் எந்த வாக்கியம் இலக்கியத்துக்கு விரோதமானது என்று நண்பர்கள் சொல்லட்டும்.

‘மேலைநாட்டில் கூலி அதிகம், அதனால் அவர்களே செய்கிறார்கள், இங்கே நாம் செய்தால் ஓர் ஏழை மெக்கானிக்கின் பிழைப்பு கெடும்’ என்பது அடுத்து வரும் வாதம். மெக்கானிக்கின் மேல் இவ்வளவு கரிசனம் உள்ளவர்கள் அவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். போகட்டும். பிரஸ் எந்திரம் எல்லார் வீட்டிலும் இருப்பதில்லை. நக்கிளைப் பையில் போட்டுக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கூலியும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே நின்று என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு பார்க்கிறோம். நம் சமூகத்தில் கையால் வேலை செய்கிறவரும் அதைப் பற்றி எழுதுகிறவரும் பிறப்பாலேயே பிரிக்கப்பட்டார்கள். சாதியைக் கண்டித்துக் கட்டுரை எழுதுகிறவர், கிரீஸ் பட்ட கை தன் சோபாவைத் தொட்டால் முகம் சுளிக்கிறார்.

ராபர்ட் பிர்சிக்கை மேற்கோள் காட்டாத இலக்கியக் கூட்டம் உண்டா? 1974இல் வந்த அந்த மோட்டார் சைக்கிள் புத்தகத்தில் ஒரு நண்பர் வருகிறார். அவருடைய விலையுயர்ந்த பிஎம்டபிள்யூவின் ஹேண்டில்பார் வழுக்குகிறது. பழைய பியர் டப்பாவின் தகரத்தை வெட்டி இடையில் செருகினால் போதும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு அது அவமானமாகப் படுகிறது; மறுத்துவிடுகிறார். ‘தரம்’ பற்றிய தத்துவப் பக்கங்களை அடிக்கோடிட்ட நம்மவர்கள், அந்த நண்பர் தாங்கள்தான் என்பதைக் கவனிக்கவில்லை.

பேரிங்கின் வரலாறும் படிப்பறை வரலாறு அல்ல. வண்டி அச்சுக்குக் குண்டுகளைப் பயன்படுத்தும் முறைக்கு 1794இல் காப்புரிமை பெற்ற பிலிப் வான் வேல்ஸ் நாட்டின் இரும்புப் பட்டறைக்காரர். 1907இல் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் பேரிங்கைக் கண்டுபிடித்த ஸ்வென் விங்க்விஸ்ட், ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஒரு நெசவாலையின் பராமரிப்புப் பொறியாளர். ஆலை நின்றது களிமண் நிலத்தில். தரை இறங்க, தண்டுகள் கோண, பேரிங்குகள் அடிக்கடி பழுதாயின. அந்த எரிச்சலில் பிறந்தது எஸ்கேஎஃப் நிறுவனம். ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் 1883இல் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் உருட்டித் தேய்க்கும் எந்திரத்தை அமைத்தார். அறுபது ஆண்டுகள் கழித்து அமெரிக்கர்கள் அந்த நகரின் பேரிங் ஆலைகளைக் குறிவைத்தார்கள். 1943 அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் அறுபது குண்டுவீச்சு விமானங்களை இழந்தார்கள். பேரிங் இல்லாமல் போர் நடக்காது என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். கீழைமொழிகளிலிருந்து ஜெர்மனுக்கு ஏராளமாக மொழிபெயர்த்த கவிஞர் ரூக்கர்ட் 1788இல் பிறந்ததும் அதே ஷ்வைன்ஃபுர்ட்டில்தான். நம் வாசகர்களில் சிலர் ரூக்கர்ட்டைக் கேள்விப்பட்டிருப்பார்கள், ஃபிஷரை?

அறியாமைக்கு விலையும் இருக்கிறது. சுயேச்சையான பட்டறைகளுக்கு உதிரிபாகங்களும் தொழில்நுட்பத் தகவல்களும் கிடைக்காமல் தடுத்ததாகப் பதினான்கு கார் நிறுவனங்கள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022இல் நுகர்வோர் விவகாரத்துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காகக் குழு அமைத்தபோது கார்களும் அதன் பட்டியலில் இருந்தன. தகவல் சுதந்திரம் பற்றி ஓயாமல் பேசும் நம் இதழ்கள் இதைப் பற்றி எவ்வளவு எழுதின? பேரிங், ஹப் இரண்டையும் ஒரே துண்டாக்கி விற்பது சதி என்று நாங்கள் சொல்லவில்லை. அவை பழைய வகையைவிடப் பராமரிப்பு குறைந்தவை. சில போல்ட்டுகளில் மாற்றிவிடலாம் என்பதால் வீட்டில் செய்கிறவருக்கு உண்மையில் எளிதானவையும்கூட. விலைதான் கடிக்கிறது. அந்த விலை நியாயமா என்று கேட்பதற்கேனும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

இதையெல்லாம் எழுதத் தமிழில் சொல் இல்லை என்பவர்களுக்கு: பாடநூலில் ‘தாங்கி’ இருக்கிறது, பட்டறையில் ‘பேரிங்’ இருக்கிறது, மாட்டுவண்டியில் அச்சும் குடமும் கடையாணியும் இருந்தன. சொல் போதும். எந்த வளையத்தை எப்போது அழுத்த வேண்டும் என்பதை இன்னொருவர் படித்துச் செய்யும்படி ஐயமின்றி எழுதுகிற உரைநடைதான் அரிது. அதைப் பழகுவதற்கு இந்த மொழியில் இடமில்லாமல் செய்தது நம் ரசனைதான்.

அடுத்து டிரம் பிரேக் பற்றி எழுதுவதாக இருக்கிறோம். மறுப்பு எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதலாம். ஹப்பை ஏற்றும்போது எந்த வளையத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை முதல் வரியில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.