அந்த ரெண்டு கோடு யாரோடது?

ஹாஸ்டல்ல ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எங்க ரூமில் ஓடும் வீடியோக்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு கணவன் மனைவி, ஒரு பெரிய வண்டி, கூரை மேல மடிச்சு வெச்ச டென்ட், ஆளே இல்லாத ஒரு கடற்கரை. ட்ரோன் மேலே போகப் போக வண்டி தீப்பெட்டி சைஸுக்குச் சுருங்கும். அதுக்குப் பின்னால் தொடாத மண்ணில் ரெண்டு கோடு மட்டும் நீளும். அந்த இடத்தில் ரூமே "செம மச்சி" என்று சொல்லும். நானும்தான் சொல்லியிருக்கிறேன். இப்போ அந்த ஷாட் வந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அதுக்குக் காரணம் என் அக்கா.

அக்காவும் மாமாவும் நமீபியாவில் இருக்கிறார்கள். தென்மேற்கு ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் ஓரம். மாமாவுக்கு ஸ்வாகோப்முண்ட் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சுரங்கத்தில் மெயின்டனன்ஸ் வேலை. போன வருஷம் அஞ்சு நாள் லீவு கிடைத்ததும் ஒரு பழைய ஹைலக்ஸ் பிக்கப்பில் ரெண்டு பேரும் வடக்கே ஸ்கெலிட்டன் கோஸ்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். எலும்புக்கூட்டுக் கடற்கரை! கரை ஒதுங்கிய திமிங்கில எலும்புகளும் உடைந்த கப்பல்களும் வாங்கிக் கொடுத்த பேர் அது. பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுவதால் பாதி நாள் மூடுபனி. மழையோ வருஷத்துக்கு 20 மில்லிமீட்டர் வந்தாலே பெரிசு. நம்ம ஊரில் ஒரு நல்ல மழை அரை மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகிற அளவு.

கிளம்புவதற்கு முன்னாடி மாமா செய்த வேலைகளைக் கேட்டால் மெக்கானிக்கல் பசங்களுக்குப் பிடிக்கும். ஸ்டெப்னி ஒன்றுக்கு ரெண்டு. காற்றடிக்கிற கம்ப்ரஸர், ஒரு மண்வெட்டி, 40 லிட்டர் தண்ணீர். தார் ரோட்டில் 35 பிஎஸ்ஐ இருந்த டயரை ஜல்லிப் பாதையில் 26-க்கு இறக்கினாராம். மணலில் மாட்டினால் 16 வரைக்கும் இறக்கணும். காற்று குறைந்தால் டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு கூடும், வண்டி புதையாமல் மிதக்கும். எடையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு. ஃபர்ஸ்ட் இயரில் மனப்பாடம் பண்ணி மறந்ததுதான், அங்கே உயிரைக் காப்பாற்றுகிறது.

ரோடே ஒரு ஆச்சரியம். ஹென்டீஸ் பே தாண்டினால் உப்பு ரோடு. ஜிப்சம் கலந்த மண்ணில் உப்புத் தண்ணீரை ஊற்றி இறுக்குவார்கள். பார்த்தால் தார் மாதிரியே கறுப்பா இருக்கும். மூடுபனி இறங்கினால் சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். அந்த ஊருக்குக் கொஞ்சம் முன்னாடியே கரையோரம் சைலா என்ற மீன்பிடிக் கப்பல் நிற்கிறது. 2008-ல் பழைய இரும்பாக விற்று மும்பைக்கு இழுத்துக்கொண்டு வரும்போது கயிறு அறுந்து அங்கேயே தட்டிவிட்டது. "நம்ம ஊருக்கு வர வேண்டியது, இப்ப அது மேல நீர்க்காகம் உக்காந்திருக்கு" என்று அக்கா போட்டோ அனுப்பினாள். கேப் கிராஸில் பல்லாயிரம் கடல்நாய்கள். அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போக ரெண்டு துவையல் ஆச்சாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஊகாப் ஆற்றங்கரையில் பூங்காவின் கேட், அதில் பெரிய மண்டையோடு வரைந்திருக்கும். கடந்து போகிறவர்கள் பிற்பகல் 3 மணிக்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். அங்கே போய்ச் சேர்வதற்கு முன்னாடி ஒரு இடத்தில், ரோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளிக் கடலோரம் ஏதோ ஒரு பழைய மரச்சட்டம் தெரிந்திருக்கிறது. நடுவில் வெறும் சரளைச் சமவெளி. மேடு இல்லை, பள்ளம் இல்லை, போர்டும் இல்லை. மாமா ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டார். "ஏங்க, வேணாங்க, நடந்தே போயிடலாம்" என்றாளாம் அக்கா. "அரை கிலோமீட்டர்தானே, இதுக்குத்தானே ஃபோர் வீல் டிரைவ்" என்று அவர். அக்கா கதவைத் திறந்து இறங்கி, வண்டிக்கு முன்னாடி போய் நின்றுவிட்டாள். அஞ்சு வருஷக் கல்யாணத்தில் அவ்வளவு பெரிய சண்டை வந்ததே இல்லையாம். காற்றில் கத்தியதில் பாதி ரெண்டு பேருக்குமே கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில் நடந்துதான் போனார்கள். போகிற வழியில் அக்கா குனிந்து ஒரு போட்டோ எடுத்தாள். ரெண்டு கோடு. ரொம்ப ஒல்லியான டயர், இப்போ வருகிற வண்டி எதுக்கும் அப்படி டயர் கிடையாது. "இதைப் போட்டவங்க உயிரோட இருக்காங்களானே தெரியல டா, கோடு மட்டும் இருக்கு" என்று கீழே எழுதியிருந்தாள்.

அது எப்படி அழியாமல் இருக்கிறது? மணல்மேடு என்றால் ராத்திரிக் காற்றே துடைத்துவிடும். சரளைச் சமவெளி அப்படி இல்லை. மேலே ஒரு அடுக்கு சின்னக் கற்கள் தளம் போட்ட மாதிரி நெருக்கமாகப் பதிந்திருக்கும். அடியில் நைசான மண்ணும் ஜிப்சமும். சக்கரம் அந்தக் கல் தளத்தை ஒருமுறை உடைத்துவிட்டால், சரிசெய்ய மழை கிடையாது. காற்று வந்தால் உள்ளே இருக்கும் நைஸ் மண்தான் பறக்கும், தடம் இன்னும் ஆழமாகும். அதனால்தான் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய தடங்கள் இன்றைக்கும் தெரிகின்றன.

அந்தக் கற்கள் மேல் லைக்கன் இருக்கிறது. பாசியும் பூஞ்சையும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் உயிர். மூடுபனி ஈரத்தை மட்டுமே குடித்து வளர்வதால் வளர்ச்சி மகா மெதுவு. காய்ந்திருக்கும்போது வெறும் கருகல் மாதிரிதான் இருக்கும். அக்கா பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டிருக்கிறாள், சில நிமிஷத்தில் நிறம் மாறி விரிந்ததாம். அதே சமவெளியில்தான் டமாரா ஆலா என்ற குட்டிப் பறவை முட்டையிடுகிறது. கூடு என்று எதுவும் கட்டாது. சும்மா தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை, கல்லோடு கல்லாக. உலகத்தில் இந்தப் பறவை பெரும்பாலும் குஞ்சு பொரிப்பது அந்த ஒரு நாட்டின் கரையோரத்தில்தான். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் முட்டை தெரியவே தெரியாது. மிதித்தாலும் தெரியாது. வீடியோவிலும் தெரியாது.

"ஒரே ஒரு வண்டி போனா என்ன ஆகிடும்?" என் ரூம்மேட்டே கேட்டான். ஒரு வண்டி போவதோடு முடிவதில்லை. முதல் தடத்தைப் பார்க்கிற ரெண்டாவது ஆள் அதை ரோடு என்று நினைத்துக்கொள்கிறான். மூணாவது ஆள் மேப்பில் ஏற்றிவிடுகிறான். அந்த ட்ரோன் ஷாட் இந்த வேலையை லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் செய்கிறது. 2010-ல் தோரோப் தேசியப் பூங்கா என்று அறிவித்து வண்டிகளைக் குறித்த பாதைக்குள் கட்டுப்படுத்தியது சும்மா இல்லை.

ஓவர்லேண்ட் பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1942-ல் டனடின் ஸ்டார் என்ற கப்பல் இந்தக் கரையில் தரை தட்டியது. 106 பேர் இருந்தார்கள். இழுவைக் கப்பல் ஒன்று உதவிக்கு வந்து தானே உடைந்து, அதில் ரெண்டு பேர் இறந்தார்கள். உதவிக்கு வந்த விமானம் மணலில் புதைந்தது. விண்ட்ஹுக்கிலிருந்து லாரிகள் தோண்டித் தோண்டி, மாட்டி மாட்டி வந்து சேர்ந்தன. கப்பலில் வந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். அன்றைக்கு அங்கே ரோடு இல்லை, வேறு வழியும் இல்லை. அதையும் லைக்குக்காக ரோட்டை விட்டு இறங்குவதையும் "அட்வென்ச்சர்" என்ற ஒரே வார்த்தையில் போட எனக்கு மனசு வரவில்லை. என்னைக் கேட்டால், அந்தப் பயணத்தில் தைரியமான காரியம் அக்கா வண்டிக்கு முன்னாடி போய் நின்றதுதான்.

இதை இப்போ எழுத ஒரு காரணம் இருக்கிறது. நம்ம காலேஜ் ரைடர்ஸ் குரூப்பில் பிப்ரவரியில் ஈசிஆர் பக்கம் ஒரு "பீச் ரன்" போகலாம் என்று பேச்சு. பைக்கை மணலில் இறக்கி, ட்ரோன் விட்டு, கல்ச்சுரல்ஸுக்கு வீடியோ. டயர் பிரஷர் எவ்வளவு வைக்கணும் என்று என்னிடம்தான் கேட்டார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம்ம கரையில் பங்குனி ஆமை ராத்திரியில் ஏறி வந்து மணலுக்குள் முட்டை புதைக்கிற நேரம். மேலிருந்து பார்த்தால் அதுவும் வெறும் மணல்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒர்க்‌ஷாப் பின்னாடி மீட்டிங். நான் வருவேன். பைக்கை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நடந்து போகலாம் என்று சொல்லப்போகிறேன். சிரிப்பார்கள் என்று தெரியும். அக்காவுக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன். "மாமாவும் மூணு நாள் பேசல, அப்புறம் அவரே அந்த ரெண்டு கோடு போட்டோவை ஸ்கிரீன்சேவரா வெச்சுக்கிட்டாரு" என்று பதில் வந்தது.