கடலில் எண்ணெய் கிடைத்தால் டீசல் விலை இறங்குமா?

கேள்வி: மேலூர் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் கத்திரி, வெண்டை. இலவச மின் இணைப்புக்குப் பதிவு செய்து காத்திருப்பதால், 5 எச்.பி. டீசல் இன்ஜினில்தான் தண்ணீர் இறைப்பு. காய்களை மாட்டுத்தாவணிக்கு ஏற்றிப் போவதும் டீசல் வண்டிதான். ஆழ்கடலில் எண்ணெய் எடுக்கிறார்கள், நம் நாடே வெளிநாட்டுக்கு டீசல் விற்கிறது என்று செய்தி வருகிறது. விலை இறங்கும்வரை பொறுக்கலாமா? அல்லது கடன் வாங்கியாவது சோலார் பம்புசெட் போடலாமா?
– மேலூர் வட்டார வாசகர்

பதில்: விலை இறங்கும் என்று பொறுத்திருக்க வேண்டாம். இரண்டு செய்தியும் உண்மைதான். ஆனால் அவற்றால் மேலூர் பங்க்கில் விலை குறையும் என்று நம்ப இடமில்லை.

முதலில் கடல் எண்ணெய். ஆந்திராவின் காக்கிநாடாவுக்கு அப்பால், கிருஷ்ணா-கோதாவரி படுகையின் ஆழ்கடல் பகுதியில் 2024 ஜனவரி 7 அன்று ஓ.என்.ஜி.சி. நிறுவனம் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. அதிகபட்சம் நாளொன்றுக்கு 45,000 பீப்பாய் கிடைக்கும் என்று அப்போது சொல்லப்பட்டது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்டின் தேவை நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாய்க்கும் மேல். நூறு மூட்டை தேவைப்படும் வீட்டுக்கு ஒரு மூட்டைகூட முழுதாக வராத கணக்கு இது. தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இன்னும் இறக்குமதிதான்.

ஆழ்கடல் கிணறு சொன்னபடி கொடுக்கும் என்பதும் நிச்சயமில்லை. அதே படுகையில் ரிலையன்ஸ் நிறுவனம் 2009 ஏப்ரலில் எரிவாயு எடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி பெரிதும் சரிந்தது. கிணறுகளில் நீரும் மணலும் புகுந்தது ஒரு காரணம். போர் போட்டு ஏமாந்த விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது ஏற்றுமதி. கச்சா எண்ணெய் போதாத நாடு டீசலை எப்படி விற்கிறது? வெளியூர் நெல்லை வாங்கி அரைத்து, அரிசியாக வெளியூருக்கே விற்கும் ஆலையை நினைத்துக்கொண்டால் போதும். குஜராத்தின் ஜாம்நகர் சுத்திகரிப்பு வளாகம் உலகிலேயே பெரியது. ரஷ்ய டீசலை வாங்குவதில்லை என்று ஐரோப்பிய நாடுகள் 2023 பிப்ரவரி 5 முதல் தடை போட்டதும், இந்திய டீசலுக்கு அங்கே கிராக்கி கூடியது. இந்த ஏற்றுமதி லாபத்தின் மீது மத்திய அரசு 2022 ஜூலை 1 அன்று லிட்டருக்கு 13 ரூபாய் வரி போட்டது. அது பலமுறை மாற்றப்பட்டு, 2024 டிசம்பரில் நீக்கப்பட்டது.

நம் ஊரில் சுத்திகரித்தாலும் டீசலுக்கு உலகச் சந்தை விலையை ஒட்டித்தான் விலை வைக்கப்படுகிறது. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் முகூர்த்த நாளில் மல்லி விலை ஏறினால், பக்கத்து ஊரில் பறித்த பூவும் அதே விலைக்குத்தான் போகிறது. நாகப்பட்டினம் மாவட்டம் நரிமணத்தில் கச்சா எண்ணெய் எடுக்கிறார்கள். பக்கத்திலேயே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையும் இயங்கி வந்தது. அதற்காக அந்த ஊர் விவசாயிக்கு மலிவு டீசல் கிடைப்பதில்லை. தென்னமெரிக்காவில் கயானா என்ற சிறிய நாடு 2019 டிசம்பரில் ஆழ்கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கி, இன்று பெரிய ஏற்றுமதி நாடாகிவிட்டது. ஆனால் சுத்திகரிப்பு ஆலை இல்லாததால், தன் வண்டிகளுக்கு வேண்டிய டீசலை அது வெளியிலிருந்துதான் வாங்குகிறது.

இதோடு வரியும் இருக்கிறது. 2020-இல் கொரோனா காலத்தில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்தது. அந்த மே மாதமே டீசல் மீதான மத்திய வரி லிட்டருக்கு 13 ரூபாய் கூட்டப்பட்டது. விழுந்த விலையின் பலன் பங்க்குக்கு வந்து சேரவில்லை.

ஆகவே விலை விவசாயி கையில் இல்லை. எத்தனை லிட்டர் செலவாகிறது என்பது மட்டும் அவர் கையில் இருக்கிறது. 5 எச்.பி. இன்ஜின் முழுச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். நாளுக்கு 5 மணி நேரம், மாதம் 12 நாள் ஓடினால் 60 லிட்டர். நான்கு மாதப் பயிருக்கு 240 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 22,080 ரூபாய். விலை 5 ரூபாய் குறைந்தாலும் மிச்சம் 1,200 ரூபாய்தான். செலவில் கால் பங்கு லிட்டரைக் குறைத்தால் 5,520 ரூபாய் மிச்சம்.

செலவில்லாமல் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. புட்வால்வு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஏர் பில்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். கரும்புகை வந்தால் டீசல் வீணாகிறது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். மண் வாய்க்காலில் ஓடும் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோனாலே ஓட்டும் நேரம் குறையும். அக்கம்பக்கத்து நான்கு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் காய் ஏற்றினால் மூட்டைக்கு விழும் வாடகையும் இறங்கும்.

அடுத்து சொட்டுநீர். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. காய்கறிக்குத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

சோலார் பம்புசெட்டுக்கு வேளாண் பொறியியல் துறை வழியாக 60 சதவீத மானியம் கிடைக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியம் உண்டு. கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை 1 லட்சம் ரூபாய் என்று வந்தால், ஆண்டுக்கு இரண்டு பயிர் எடுப்பவருக்கு டீசல் செலவு 44,160 ரூபாய் என்பதால், இரண்டேகால் ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். கடன் வட்டியைச் சேர்த்தால் இன்னும் சில மாதங்கள் ஆகும். ஆண்டுக்கு ஒரே பயிர் என்றால் காலம் இரட்டிப்பாகும். அவர்கள் யோசித்துச் செய்வது நல்லது.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒன்று, கோடையில் கிணற்று நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்பது. பம்பின் திறனை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றொன்று, மின் இணைப்புக்குப் பதிந்த வரிசை என்னவாகும் என்பது. இதை அலுவலகத்தில் நேரில் கேட்டு அறிய வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லலாம்.