அழைத்தவர் கடமை

சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில் ஒருநாள் மாலை, என் அறைத்தோழர் தமது கைப்பேசியைக் கையிலேந்தியவாறு விடுதி முற்றத்தில் மிக்க கவலையோடு நின்றார். கல்வி உதவித்தொகையின்பொருட்டு அவர் விண்ணப்பித்திருந்த செயலியொன்றிலிருந்து, இணைத்த பத்திரங்களுள் ஒன்று தெளிவாக இல்லையென்றும், அன்றிரவு முடியுமுன் அதனை மீண்டும் சேர்த்தல் வேண்டுமென்றும் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. அவர் அதனைத் தொட்டார். செயலி திறந்தது, கடவுச்சொல் கேட்டது, ஆறிலக்க எண்ணொன்றை அனுப்பி அதனையும் கேட்டது, யாவும் கொடுத்தபின், முகப்புப் பக்கத்திற் பல நிற விளம்பரங்களுக்கு முன்னே அவரைக் கொண்டுபோய் நிறுத்திற்று. குறையுடைய பத்திரம் எது என்பது அங்கு இல்லை. மீண்டும் அறிவிப்பைப் படிப்போமெனின், தொட்ட மாத்திரத்தில் அது மறைந்தொழிந்தது. யாங்கள் நால்வர் கூடி இரண்டு மணி நேரம் தேடியும் காணாது, வருமானச் சான்றிதழாயிருக்கலாமென ஊகித்து அதனையே மறுபடி ஏற்றினோம். குறையுடையது மதிப்பெண் சான்றிதழ் என்பது பின்னரே தெரிந்தது. அவ்வாண்டு உதவித்தொகை அவருக்குக் கிட்டவில்லை.

இதனைக் கேட்ட பெரியோர் சிலர், இக்காலத்துப் பிள்ளைகளின் கவனக்குறைவு என்று கூறி அமைந்தனர். யான் அதற்கு உடன்பட இயலாது. கவனமாக இருந்தமையாலன்றோ அவர் அறிவிப்பைக் கண்டவுடனே தொட்டார்! குற்றம் அழைத்தவரிடத்தது.

நம் மலைக்கோட்டையையே எண்ணிப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த மேற்குகையிலுள்ள கல்வெட்டைக் காட்டுவேன் வாரும் என்று ஒருவர் நம்மை அழைக்கிறார். அழைத்தவர் நம்மை மெயின்கார்டு கேட்டிலே இறக்கிவிட்டு, மலை அதோ தெரிகின்றது என்று சொல்லிப் போய்விடின் அவரை என்னென்பது? சின்னக்கடைத் தெருவின் நெரிசலும் மலைவாசற் படிகளும் தாண்டி, குகை தாயுமானவர் கோயிலுக்கு மேலதோ கீழதோ என்று வினவித் திரிவது அழைக்கப்பட்டார் தலையில் விழுகின்றது. அறிவிப்பைத் தொட்டாரை முகப்பிற் கொண்டு நிறுத்தும் செயலி செய்வதும் இதுவே.

கணினித்துறையிற் பயிலும் நண்பரொருவரிடம் இதுபற்றி நெடுநேரம் வாதிட்டேன். அவர் விளக்கியவற்றால், இஃது இயலாமையால் நேரும் பிழை அன்றென்பது எனக்குத் தெளிவாயிற்று. ஆப்பிள் நிறுவனம் 2009-ஆம் ஆண்டிலும், கூகிள் நிறுவனம் 2010-ஆம் ஆண்டிலும் இத்தகைய அறிவிப்புகளை அனுப்பும் ஏற்பாட்டைச் செயலியாளருக்கு அளித்தன. அறிவிப்போடு கண்ணுக்குப் புலனாகாத முகவரியொன்றையும் சேர்த்தனுப்பலாம். செயலியின் முகப்பையன்றி அதனுள்ளே குறித்ததோர் பக்கத்தைச் சுட்டும் அம்முகவரியை 'டீப் லிங்க்' என்பர்; யான் உள்ளிணைப்பு என்பேன். ஓர் இணைய முகவரியைத் தொட்டால், உலாவிக்குப் போகாமல் அதற்குரிய செயலியே திறக்குமாறு, முகவரிக்கும் செயலிக்கும் உள்ள உறவைச் சரிபார்க்கும் முறையும் 2015-ஆம் ஆண்டிலேயே இரு கைப்பேசி வகைகளிலும் வந்துவிட்டது.

பின் ஏன் வழி தவறுகின்றது? அறிவிப்பு வரும்பொழுது செயலி மூன்று நிலைகளுள் ஒன்றில் இருக்கும்: கண்முன் திறந்திருத்தல், திரைக்குப் பின்னே மறைந்திருத்தல், முற்றிலும் மூடப்பட்டிருத்தல். முதலிரண்டிலும் முகவரியை வாங்கிக்கொள்ள ஆள் விழித்திருக்கிறான். மூன்றாவதிலோ, உறக்கத்தினின்று எழுப்பப்பட்ட செயலி முதற்கண் தன் முகப்பை அணிசெய்யப் புகுகின்றது. அப்பரபரப்பிற் கையிலிருந்த முகவரி நழுவிவிடுகின்றது. இதனோடு, பயனர் உள்நுழைந்திருப்பதும் வெளியேறியிருப்பதும் என இரு நிலைகளைப் பெருக்கின் ஆறாகும். ஆக்கியோர் பலர் தம் மேசைமீது திறந்தே கிடக்கும் கைப்பேசியில் ஒருமுறை தொட்டுப் பார்த்து, நன்றென்று விட்டுவிடுகின்றனராம். என் அறைத்தோழர் அகப்பட்டது ஆறாவது நிலையில்.

கடவுச்சொல் கேட்பதே தவறென்று யான் வாதித்தபொழுது நண்பர் மறுத்தார். கைப்பேசி எவர் கையிலும் சிக்கலாம். உள்ளிணைப்பை எவரும் போலியாகவும் புனைந்தனுப்பலாம். ஆதலின் வந்தவர் அப்பக்கத்தைக் காண உரியவர்தாமா என ஒவ்வொரு முறையும் தேர்ந்தே விடல் வேண்டும் என்றார். ஏற்றுக்கொண்டேன். ஆயினும், வாயிற்காவலன் ஒருவரை நிறுத்தி விசாரித்தபின், அவர் எங்குப் போக வந்தாரென்பதை மறந்துவிடலாகுமா? விசாரணை முடியும்வரை முகவரியைப் பத்திரமாக வைத்திருந்து, முடிந்ததும் அவ்வழியே விடுவதன்றோ காவல்?

இன்னுமொன்று. நேரே உள்ளே கொண்டுவிடப்பட்டவர் பின்னோக்கும் பொத்தானை அழுத்தினால், செயலியே மூடிக்கொள்வதைப் பலரும் கண்டிருப்பீர். திருவரங்கத்துக் கீழச் சித்திரை வீதியில் ஒரு வீட்டுக்குச் சென்றவர் வாயிலைத் தாண்டி வெளியே வந்தால் வீதியில் நிற்கவேண்டும். காவிரி மணலில் அன்று.

தமிழ் பயில்வோர் இவ்விஷயத்தில் தனியே அக்கறை கொள்ளக் காரணமுண்டு. ஓர் அறிவிப்பு சுமக்கக்கூடிய அளவு பொதுவாக 4096 பைட்டுகளே. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டு போதும். தமிழிலோ அகரமேறிய ககரத்துக்கு மூன்று வேண்டும். மெய்யின்மேல் புள்ளியோ உயிர்க்குறியோ ஏறின் ஆறு. மலைக்கோட்டை என்னும் ஆறெழுத்துச் சொல் 33 பைட்டுகளைக் கொள்ளுகின்றது. அதனையே இணைய முகவரிக்குள் வைத்தால் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் எழுத்துகளுமாய் 99 குறிகளாக விரிகின்றது. அவற்றை மீண்டும் எழுத்தாக்கும் வேலையை ஓரிடத்திற் செய்யாது விட்டாலும், ஈரிடத்திற் செய்துவிட்டாலும் வழி பிறழக்கூடும். ஆகவே தமிழ் அறிவிப்பு நீண்டுரைக்க இடமின்றிச் சுருங்க நேர்கின்றது. சுருங்கியது விளங்க, அது சுட்டும் பக்கமே கதி. முகவரியிலே தலைப்பை எழுதாமல் ஓர் எண்ணை வைப்பின் பிறழ்வு குறையுமென்பது நண்பர் சொன்ன உபாயம். செய்தியைத் தமிழிலும் வழியை எண்ணிலும் வைப்பது எனக்கும் உவப்பே.

உதவித்தொகை போனால் அடுத்த ஆண்டு வரும் என்பாருமுளர். 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் எடுத்த மேலணையில், கொள்ளிடப் பக்கத்து மதகுகளுள் ஒன்பது 22-8-2018 அன்று உடைந்து வீழ்ந்தமை நம்மூரார் மறந்ததன்று. அத்தகையதோர் இரவில் கரையோரத்துக் குடும்பமொன்றின் கைப்பேசிக்கு எச்சரிக்கை வருகின்றதென்று கொள்வோம். தொட்டவர்க்கு வேண்டுவது இரண்டே: எம் தெருவுக்கு நீர் வருமா? எந்தப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்குவது? அவருக்கு முகப்புப் பக்கமும், செயலியை மதிப்பிட்டு விண்மீன்கள் தருமாறு ஒரு வேண்டுகோளும் கிடைக்குமாயின், அறிவியாதிருத்தலே நன்றென்று தோன்றும்.

முகப்பிற் கொண்டு நிறுத்துவது சில நிறுவனங்களின் மறதியன்று, விளம்பரங்களைக் காணச்செய்யும் உபாயமே என்று ஐயுறுவாருமுளர். வணிகச் செயலியாயின் வேண்டாதார் நீக்கிவிடலாம். அரசும் கல்விச்சாலையும் மருத்துவமனையும் அனுப்பும் அறிவிப்பை நீக்கிவிட்டு யாம் எங்ஙனம் வாழ்வது? அவற்றுக்கேனும் இரண்டு விதிகள் வேண்டும் என்பது என் துணிபு. ஆறு நிலைகளிலும் சோதியாத செயலியை வெளியிடலாகாது. அனுப்பிய அறிவிப்பு ஒவ்வொன்றும், தொட்டபின் மறைந்தாலும், செயலிக்குள்ளே ஓரிடத்தில் நாளோடும் மணியோடும் நின்று காணப்படல் வேண்டும். இரண்டாவது இருந்திருப்பின், முதலாவது தவறியும் என் தோழர் தப்பியிருப்பார்.

நிற்க. நம் கணினித்துறை நண்பர் தமது பாடத்திட்டத்தின் பகுதியாக விடுதி அறிவிப்புச் செயலியொன்று எழுதி வருகின்றார். சென்ற வாரம் அதனை என் அறைத்தோழரின் பழைய கைப்பேசியிலே ஏற்றி, ஆறு நிலைகளிலும் தொட்டுப் பார்த்தோம். ஐந்தில் உணவுப்பட்டி மாற்றத்தின் பக்கத்துக்கே நேராகச் சென்றது. செயலியை மூடி, வெளியேறியும் இருந்த ஆறாவதில் முகப்பே வந்தது. அறைத்தோழர் வாய்விட்டு நகைத்தார். ஆக்கியவர் ஒன்றும் பேசாது மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார். உணவுக்கூடத்து மணி அடித்தும் எழுந்திலர்.