எண்ணெய்க் கம்பெனியும் சூரிய பகவானும்

பூமியைத் தோண்டி எண்ணெய் எடுப்பதும், அதைச் சுத்தம் செய்து பெட்ரோலாகவும் டீசலாகவும் சமையல் வாயுவாகவும் விற்பதுமான சர்க்கார் கம்பெனிகளின் கதி இனி என்னவாகும் என்பதைப் பற்றி டில்லியிலும் பம்பாயிலும் பெரிய மனிதர்கள் கூடிக்கூடிப் பேசிவருகிறார்கள். பங்கு வைத்திருப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். ஆனால் காஞ்சிபுரத்தில் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பட்டு நெய்கிற தோழருக்கும், டெல்டாவில் நாற்று நடுகிறவருக்கும், எண்ணூரில் வலை வீசுகிறவருக்கும் இதில் ஏதாவது சம்பந்தம் உண்டு என்று யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. நமக்குத் தெரிந்தவரை மேற்படி பெரிய மனிதர்களைவிட இவர்களுக்கே அதில் சம்பந்தம் அதிகம்.

முதலில் இந்த எண்ணெய் என்பது என்னவென்று பார்ப்போம். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலில் வாழ்ந்து மடிந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சேற்றில் புதைந்து, மண்ணின் பாரத்தாலும் பூமியின் சூட்டாலும் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறியிருக்கின்றன. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்த வாயு எங்காவது பாறை வெடிப்பு வழியாகக் கசிந்து எரிந்தால் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? இமயமலைப் பக்கம் ஜ்வாலாமுகி என்ற ஊரில் அப்படி எரிவதைப் பார்த்து, அதுதான் தேவியின் நாக்கு என்று சொல்லிக் கோவில் கட்டி உண்டியலும் வைத்துவிட்டார்கள். சர்க்கார் எண்ணெய்க் கமிஷன் ஆரம்பமானதும் 1957-ல் முதன்முதலாகத் துளை போட்டுப் பார்த்த இடம் அந்த ஜ்வாலாமுகிதான். ஆயிரக்கணக்கான வருஷம் கும்பிட்டவர்களுக்குத் தோன்றாத கேள்வி, துளை போடும் யந்திரம் வைத்திருந்தவர்களுக்குத் தோன்றிற்று.

இதைவிட வேடிக்கை காஸ்பியன் கடற்கரையில் இருக்கும் பாக்கு பட்டணத்துக்குப் பக்கத்தில் நடந்தது. அங்கேயும் மண்ணிலிருந்து நெருப்பு எரிந்தது. நம் நாட்டிலிருந்து வியாபாரத்துக்குப் போனவர்கள் கூட அங்கே தங்கி அதைக் கும்பிட்டுச் சமஸ்கிருதத்தில் கல்வெட்டும் வைத்திருக்கிறார்கள். பிறகு சுற்றுவட்டாரத்தில் எண்ணெயும் வாயுவும் எடுக்க எடுக்க, "அணையாத நெருப்பு" அணைந்தே போய்விட்டது. இன்று அந்தக் கோவிலில் எரிவது பட்டணத்திலிருந்து குழாயில் கொண்டு வருகிற வாயு. கடவுளுக்கே கனெக்ஷன் கொடுக்கவேண்டி வந்துவிட்டது!

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. எடுத்தால் தீரும் என்பதே அது. நமது ஊர் அத்தி வரதர் 1979-ல் குளத்தை விட்டு வெளியே வந்தார், போனார். 2019-ல் வந்தார், 48 நாளில் திரும்பவும் தண்ணீருக்குள் போய்விட்டார். 2059-லும் வருவார் என்கிறார்கள். எண்ணெய் அப்படியல்ல. ஒரு தடவை வெளியே வந்து எரிந்துவிட்டால் எந்தக் குளத்தில் தேடினாலும் கிடைக்காது.

நம் நாட்டில் எண்ணெய் வியாபாரம் வெகுகாலம் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கையில் இருந்தது. பர்மா ஷெல் கம்பெனியின் தகர டின் போகாத கிராமம் கிடையாது. கெரோசின் ஆயில் என்பதைச் சொல்லத் தெரியாமல் நம் ஜனங்கள் கிருஷ்ணாயில் என்றார்கள். (கிருஷ்ண பகவான் நம் வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தது இந்த ஒரு வகையில்தான்.) பிறகு 1956-ல் எண்ணெய், இயற்கை வாயுக் கமிஷன் ஏற்பட்டது. 1974-ல் பம்பாய்க் கடலில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. எஸ்ஸோ கம்பெனி 1974-லும் பர்மா ஷெல் 1976-லும் சர்க்கார் வசமாகி, ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்று பெயர் மாறின. நமது பக்கத்தில் மணலியில் 1969-ல் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது. காவிரிப் படுகையில் நரிமணம், குத்தாலம் முதலிய இடங்களில் கிணறுகள் வந்தன. இவையெல்லாம் பொது ஜனங்களின் வரிப் பணத்தால் ஆனவை என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்படியிருந்தும் இன்று நிலைமை என்ன? நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. உள்நாட்டில் 2011-12-ல் 3 கோடியே 80 லட்சம் டன் கிடைத்தது, 2024-25-ல் 3 கோடி டன்னுக்குக் கீழே இறங்கிவிட்டது. பம்பாய்க் கடல் வயலில் ஊற்றுக் குறைந்துபோனதால், அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவதற்கு ஓ.என்.ஜி.சி. 2025-ல் பிரிட்டிஷ் கம்பெனியாகிய பி.பி.யைத் துணைக்கு அழைத்திருக்கிறது. கிணறு வற்றுகிறது என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா?

இது ஒரு புறமிருக்க, மற்றொரு புறம் சூரியனுடைய கதையைப் பார்ப்போம். ஏழு குதிரை பூட்டிய தேரில் வருகிறான் என்று சொல்லித் தினம் மூன்று வேளை தண்ணீரை விட்டுக் கும்பிட்ட கூட்டத்துக்கு அந்தச் சூரியன் ஒரு மின்சார விளக்கையாவது ஏற்றிக் கொடுத்ததுண்டா? 1954-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையில் மூன்று பேர் உட்கார்ந்து மணலிலிருந்து எடுக்கும் சிலிக்கனைக் கொண்டு உபயோகமான ஒரு சூரிய மின்கலம் செய்தார்கள். மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. அது முதல் படிப்படியாக விலை இறங்கி வந்து, நம் நாட்டில் 2010-ல் யூனிட்டுக்கு 12 ரூபாய் அளவில் இருந்த சூரிய மின்சாரம் 2017-ல் ராஜஸ்தானத்தில் பாட்லா என்ற பாலைவன ஊரில் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போயிற்று. காற்றாலையிலோ தமிழ்நாடு யாருக்கும் பின்தங்கியதல்ல. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் ஆரம்பித்தது, இன்று முப்பந்தல் முதலிய கணவாய்களில் காடு போல நிற்கிறது.

சூரியன் ராத்திரியில் இல்லை, காற்று எப்போதும் அடிப்பதில்லை என்பது வாஸ்தவம்தான். 2025-ல் நாட்டின் மின் உற்பத்தி நிலையங்களின் திறனில் பாதி நிலக்கரியும் எண்ணெயும் அல்லாத வகைக்கு வந்துவிட்டது என்று பறைசாற்றினாலும், உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும் பங்கு இன்னும் நிலக்கரியினுடையதே. ஆகவே நாளைக்கே எண்ணெயை நிறுத்திவிடலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. போகிற திசை எது என்பது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது.

எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் அது தெரிந்தே இருக்கிறது. ஓ.என்.ஜி.சி. 2030-க்குள் 10,000 மெகாவாட் புதுவகை மின்சாரம் என்று திட்டம் சொல்லி, மற்றொரு சர்க்கார் கம்பெனியாகிய என்.டி.பி.சி.யின் பசுமைக் கிளையோடு சேர்ந்து 2025-ல் அயனா என்ற தனியார் சூரிய, காற்று மின்சாரக் கம்பெனியைக் கடன் பொறுப்பு உள்பட 19,500 கோடி ரூபாய் மதிப்பில் வாங்கியிருக்கிறது. டென்மார்க் தேசத்தில் சர்க்கார் எண்ணெய்க் கம்பெனியே தன் எண்ணெய் வயல்களை விற்றுவிட்டு, 2017-ல் பெயரையும் மாற்றிக்கொண்டு, கடலில் காற்றாலை நடும் கம்பெனியாகிவிட்டது. பிற்காலத்தில் அதற்கும் நஷ்டமும் கஷ்டமும் வந்து, 2025-ல் பங்குதாரர்களிடம் மறுபடி பணம் கேட்கவேண்டியதாயிற்று. ஆனாலும் எண்ணெய்க்காகக் கடலில் மேடை கட்டிப் பழகிய கையால் காற்றாலையும் நட முடியும் என்பது ருஜுவாகிவிட்டது. 2024 ஜூனில் மத்திய மந்திரி சபை தமிழ்நாட்டுக் கடலிலும் குஜராத் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலைக்கு உதவி செய்வதாக ஒப்புக்கொண்டது. அந்த வேலைக்கு, கடலோடு அரை நூற்றாண்டு பழகிய நமது சர்க்கார் கம்பெனியின் தொழிலாளியைவிடத் தகுதியுள்ளவன் யார் என்று கேட்கிறோம்.

நிற்க, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எண்ணெய் போய் சூரியன் வரும்போது முதலாளி யார்? சர்க்கார் கம்பெனியில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு 100-க்கு 15, பழங்குடியினருக்கு ஏழரை, பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 27 என்று இட ஒதுக்கீடு இருக்கிறது. அது ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு கேள்வி. சட்டத்திலாவது இருக்கிறது. ஏக்கர் ஏக்கராகச் சூரியத் தகடு பரப்பியிருக்கும் தனியார் கம்பெனியில் அது சட்டத்திலேயே கிடையாது. பெட்ரோலை விட்டு சூரிய ஒளிக்குப் போவது, நம் பிள்ளைகளுக்கு உத்தியோகம் உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் போவதாக முடிந்தால் அந்தப் பசுமை யாருக்குப் பசுமை? 1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மகாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானத்தை எடுக்க மறுத்ததால் பெரியார் வெளியேறினார் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நூறு வருஷம் போராடிப் பெற்றதை, யந்திரம் மாறுகிற சந்தடியில் ஓசையில்லாமல் கழற்றிவிட இடங்கொடுக்கலாமா?

இது வீண் பயம் என்று யாரும் சொல்லக் கூடாது. பாரத் பெட்ரோலியத்தில் சர்க்காருக்கிருந்த பங்கு அவ்வளவையும் தனியாருக்கு விற்றுவிட 2019-ல் மத்திய மந்திரி சபை முடிவே செய்தது. வாங்க ஆள் சரியாக அமையாததால் 2022-ல் அதைக் கைவிட்டார்கள். மனம் மாறியதால் அல்ல. அதற்கு முன் 2018-ல் ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பங்கை ஓ.என்.ஜி.சி. தலையில் 36,915 கோடி ரூபாய்க்குக் கட்டினார்கள். எண்ணெய் தேடவேண்டிய கம்பெனி கடன் வாங்கி அந்தப் பணத்தைக் கட்டிற்று. வீட்டுச் செலவுக்குப் பணமில்லாதவன் அண்ணன் வீட்டுப் பசுவைத் தம்பிக்கு விற்றுப் பணத்தைத் தான் எடுத்துக்கொண்ட மாதிரி! கிணறு வற்றுவதற்கு முன் பெட்டி வற்றிவிட்டால் சூரியத் தகடு எதைக்கொண்டு வாங்குவது?

இனி, டெல்டா விவசாயிகளைப் பற்றி. 2017-ல் நெடுவாசலில் ஜனங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அதே வருஷம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவிற்று. கேட்கப் போனவர்களுக்குத் தடியடியும் ஜெயிலும் கிடைத்தன. பிறகு 2020-ல் தமிழ்நாடு சட்டசபை டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் செய்தது. ஆனால் ஏற்கனவே ஓடுகிற கிணறுகளை அச்சட்டம் தொடவில்லை. நாகப்பட்டினத்தையடுத்த பனங்குடியில் 31,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகும் என்று கணக்கிட்டு 90 லட்சம் டன் ஆலைக்கு 2021-ல் அடிக்கல் நாட்டினார்கள். சுத்திகரிப்பு ஆலை என்பது நாற்பது ஐம்பது வருஷம் ஓடவேண்டிய சாமான். அதற்குள் பெட்ரோல் வண்டியே அருகிப்போனால் நிலம் கொடுத்தவனுக்கு என்ன மிச்சம்? நமது ஜில்லாவிலேயே இருங்காட்டுக்கோட்டை வழியாகப் போகிறவர்கள் கார்க் கம்பெனிகள் பாட்டரி வண்டிக்கு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் எண்ணெய் படர்ந்து மீனவர்களின் படகும் வலையும் கறுத்ததையும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலி ஆலையைச் சுட்டிக் காட்டியதையும் நாடு பார்த்தது. அந்தப் படகுக்காரர்களின் நஷ்டம் எந்தக் கம்பெனியின் லாபக் கணக்கிலும் கழிக்கப்படுவதில்லை.

கடைசியாக, பட்டு நெய்கிற தோழர்களே, உங்களுக்கு. எரிக்க ஆளில்லாத எண்ணெயைக் கம்பெனிகள் என்ன செய்யப்போகின்றன தெரியுமா? பிளாஸ்டிக்கும் பாலியெஸ்டர் நூலும் செய்யப்போகின்றன. இதை அவர்களே ஒளிக்காமல் சொல்லுகிறார்கள். இந்தியன் ஆயில் கம்பெனி ஒடிசாவில் பாரதீப் ஆலையோடு பாலியெஸ்டருக்கு வேண்டிய மூலப்பொருள் செய்யும் வேலையில் இறங்கியிருக்கிறது. அந்த நூல் எங்கே வரும்? விசைத்தறியில் ஏறி, பிளாஸ்டிக் சரிகை சுற்றிக்கொண்டு, "காஞ்சிப் பட்டு" என்ற பெயரோடு நமது ராஜ வீதிகளுக்கே வந்து நிற்கும். இப்போதே நிற்கிறது. பட்டு இழைமேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் ஏற்றிய சரிகைக்கும் அதற்கும் பேதம் தெரியாமல் வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போகிறார்கள். 2005-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, 1985-லேயே சேலை முதலிய சில வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிச் சட்டமும் வந்தது. சட்டம் புஸ்தகத்தில் சுகமாகத் தூங்குகிறது. எண்ணெய்க் கம்பெனியின் எதிர்காலத் திட்டத்தில் நெசவாளியின் எதிர்காலம் ஒரு வரி கூட இல்லை என்றால், சர்க்கார் கம்பெனி என்ற பெயர் எதற்கு?

சூரிய வீடு என்று ஹிந்தியில் பெயர் வைத்து 2024-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். கூரைமேல் தகடு போட 78,000 ரூபாய் வரையில் மானியம். சொந்த மாடி வைத்திருக்கிறவருக்கு மெத்தச் சரி. வாடகை வீட்டில், ஓட்டுக் கூரையின் கீழ் தறி போட்டிருப்பவருக்கு ஏது மாடி? அவருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் 2023 முதல் தமிழ்நாட்டு சர்க்கார் கொடுத்துவருகிறது. அது வேண்டியதே. ஆனால் நமது ஊரில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பெரிய பெரிய கட்டடங்கள் இருக்கின்றன. அவைகளின் மேல்தளம் வெயிலில் சும்மா காய்கிறது. பட்டைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் போட்டுப் பசை எடுக்கிற சாயப் பட்டறைகள் இன்னும் விறகை எரித்துப் புகையைக் குடித்துக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் சூடேற்ற வெயில் போதும். 19,500 கோடிக்குக் கம்பெனி வாங்கக்கூடிய எண்ணெய் ராஜாக்கள் ஒரு சாயப் பட்டறைத் தெருவுக்கு வெந்நீர்க் கலம் வைத்துக் கொடுத்தால் பெட்டி காலியாகிவிடாது. அடுத்த பொதுக்குழுவில் சங்க அங்கத்தினர்கள் எழுந்து, மேல்தளத்தில் எத்தனை கிலோவாட் போடலாம், அதில் வரும் மின்சாரம் எந்தெந்தத் தறி வீட்டுக்குப் போகும், செலவு யாருடையது என்ற மூன்று கேள்விகளையும் எழுத்து மூலம் கேட்கவேண்டும். கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்பதை நமக்கு எழுதினால் அப்படியே பிரசுரிக்கிறோம்.