குடத்தில் இட்ட சீட்டு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்), ஏனாத்தூர்

பந்தயம் என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "ஐம்பது ரூபாயில் என்ன கெட்டுவிடும்?" என்று இளைஞர்கள் சிரிக்கிறார்கள். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று ஒரு சிறு கருத்தைக் கூற விரும்புகிறேன். விளையாட்டின் முடிவை நண்பர்கள் கூடிக் கணிப்பது தவறன்று. அதில் காசு வைப்பதே தவறு. இதை நான் எந்த நூலிலும் படித்து எழுதவில்லை. எங்கள் ஊர் வேப்பமரத்தடியில் கற்றுக்கொண்டு எழுதுகிறேன்.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் ஆடவர் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி நடைபெற்றது. 24 அணிகள் ஆடின. எங்கள் ஏனாத்தூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட்தான். ஆயினும், 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் நம் தமிழ்நாட்டவர் அல்லவா? உலகக் கோப்பையே நம் வாசலுக்கு வந்திருக்கும்போது பார்க்காமல் இருக்கலாமா?

நண்பர்கள் பதினொருவர் கூடினோம். கால் இறுதி முதற்கொண்டு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் வெல்லப்போகும் அணியின் பெயரைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். கால் இறுதிக்கு ஒரு புள்ளி, அரை இறுதிக்கு இரண்டு, அதற்கு மேல் மூன்று. வென்றவர் பெயர் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதப்படும். பரிசு அவ்வளவே. ஒருவன் வீட்டிலிருந்து பித்தளைக் குடத்தைத் தூக்கி வந்தான். "உத்திரமேரூர் இருக்கிற மாவட்டத்தில் பிறந்துவிட்டுக் குடவோலை போடாவிட்டால் எப்படிடா?" என்றான். சிரித்துக்கொண்டே சீட்டைப் போட்டோம்.

இந்தக் கணிப்பினால் விளைந்த நன்மையை முதலில் சொல்ல வேண்டும். கணிக்க வேண்டுமென்றால் ஆட்டம் தெரிய வேண்டுமே! பதினைந்து பதினைந்து நிமிடங்களாக நான்கு பகுதிகள் என்பதும், பெனால்டி கார்னர் எப்போது கிடைக்கும் என்பதும் எங்களுக்குப் புரிந்தன. சமநிலையில் முடிந்தால் நடக்கும் ஷூட் அவுட்டில், கோல் காப்பாளரை எதிர்த்து வரும் வீரருக்கு எட்டே விநாடிகள்தாம் என்பதையும் அறிந்தோம். கால் இறுதியில் பெல்ஜியத்தை இந்தியா ஷூட் அவுட்டில் வென்றபோது, ஒரு கைபேசியின் முன்னால் பதினொரு தலைகள் முட்டிக்கொண்டன.

அன்றிரவுதான் ஒருவர் சொன்னார்: "வெறும் சீட்டில் என்ன சுவை? ஆளுக்கு ஐம்பது ரூபாய் வைப்போம். முதல்வனுக்கு ஐந்நூற்றைம்பது!"

உண்மையை மறைக்க விரும்பவில்லை. முதலில் தலையாட்டியவன் நான். நான்கு கால் இறுதிகளில் மூன்றைச் சரியாகக் கணித்து அப்போது முன்னணியில் இருந்தேன். ஐந்நூற்றைம்பது ரூபாய் என் சட்டைப் பைக்குள் வந்துவிட்டதாகவே தோன்றியது. அந்த நேரத்தில், விடியற்காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டுக் கல்லூரிக்கு வரும் நண்பன் மெதுவாக எழுந்தான். "எனக்கு வேலை இருக்குடா, நீங்க ஆடுங்க" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு என்ன வேலை என்பது எனக்குத் தெரியும். ஐம்பது ரூபாய் இல்லை என்பதே அந்த வேலை.

வீட்டுக்குப் போனேன். சோறு போட்ட அம்மாவின் காதில் கவரிங் தோடு. தங்கத் தோடு நான் பிறப்பதற்கு முன்பே அடகுக் கடைக்குப் போய்த் திரும்பாமற் போனது. அப்பா தறியில் கூலிக்கு நெய்தவர். நாள் தவறாமல் லாட்டரிச் சீட்டு வாங்கியவர். 2003-இல் தமிழகத்தில் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகே அப்பழக்கம் நின்றது. அவர் கெட்டவரல்லர், நாளைக்கு விழும் என்று நம்பியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நானும் நாளைக்கு விழும் என்று நம்பத் தொடங்கிவிட்டேனே என எண்ணியபோது சோறு இறங்கவில்லை.

திருவள்ளுவர் சூதுக்கென்றே 94-ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. ஆனால் அன்றிரவு என் நினைவுக்கு வந்தது உத்திரமேரூர்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். விதிகளை முன்கூட்டியே எழுதி, ஊரார் முன்னிலையில் குடத்திலிருந்து ஓலை எடுத்த ஊர் அது. ஆயினும் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேத அறிவும் உடையவர் பெயரே அன்று ஓலையில் ஏறியது. என் பாட்டன் பூட்டன் பெயர் ஏறியிருக்காது. எங்கள் பித்தளைக் குடத்தில் எல்லாருடைய சீட்டுக்கும் இடமிருந்தது. ஐம்பது ரூபாய் என்றவுடன் நாங்களும் சொத்துத் தகுதி வைத்துவிட்டோம்! முதல் நாளே ஒருவன் வெளியேறிவிட்டான்.

மறுநாள் இதை நண்பர்களிடம் சொன்னேன். அதற்கும் சீட்டுப் போட்டோம். பணம் வேண்டாம் என்று ஏழு, வேண்டும் என்று மூன்று. பால் ஊற்றும் நண்பனை நானே போய் அழைத்து வந்தேன். வேண்டும் என்றவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு பிறகு வரவேயில்லை. அதுவும் எனக்கு வருத்தமே.

அரை இறுதியில் இந்தியா ஜெர்மனியைச் சந்தித்தது. ஏழு முறை கோப்பை வென்ற அணி என்பதால் சீட்டில் 'ஜெர்மனி' என்றே எழுதினேன். ஆட்டம் தொடங்கியதும் தொண்டை கட்டும்வரை இந்தியாவுக்காகக் கத்தினேன். 5-1 என்று தோற்றோம். எனக்கு இரண்டு புள்ளி கிடைத்தது, மகிழ்ச்சி கிடைக்கவில்லை. பணம் வைத்திருந்தால்? நம் பிள்ளைகள் வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் என் உள்ளம் இரகசியமாகக் கைதட்டியிருக்கும். அறிவு ஒரு பக்கமும் அன்பு மறு பக்கமும் நிற்கலாம்; அதில் குற்றமில்லை. அன்பை ஐம்பது ரூபாய்க்கு விற்பதே குற்றம்.

டிசம்பர் 10 அன்று மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்த இந்தியா, கடைசிப் பகுதியில் நான்கு கோல் அடித்து வெண்கலம் வென்றது. 'அர்ஜென்டினா' என்று எழுதியவர்கள் நால்வர். அந்த நால்வரும் எங்களுக்கு முன்னால் எழுந்து குதித்தார்கள்! புள்ளி போனதே என்று ஒருவரும் வருந்தவில்லை.

நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருப்பது என் பெயரன்று. அதனால் குறைவொன்றுமில்லை. மாணவ நண்பர்களே, ஆட்டங்களைக் கணியுங்கள்; வாதாடுங்கள்; தோற்றுச் சிரியுங்கள். குடத்தில் சீட்டு மட்டும் விழட்டும். காசு விழ வேண்டாம். காசு விழும் ஓசையில், சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும் நண்பனின் மணியோசை நம் காதில் விழாமற் போய்விடும்.