குடிக்கச் சொல்கிறார்கள், குடம் எங்கே?

கோடை பிறந்தால் உபதேசமும் பிறந்துவிடுகிறது. "நிறையத் தண்ணீர் குடியுங்கள், உடல் நலம் பெறும்" என்கிறார்கள். நல்ல உபதேசந்தான், மறுப்பாரில்லை. மின்விசிறிக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில் கூஜா வைத்துக்கொண்டு அலுவல் பார்ப்பவருக்கு அது போதும். உலைக்களத்தில் வேகும் தோழனுக்கு? உப்பளத்தில் கால் வெந்து நிற்கும் தாய்க்கு? நாலாவது மாடிக்குச் செங்கல் சுமக்கும் சித்தாளுக்கு? அவர்களிடம் "குடி" என்பதற்கு முன், தண்ணீர் எங்கே, குடிக்க நேரம் எங்கே என்றல்லவா கேட்க வேண்டும்!

வியர்வை உடலின் சூட்டைத் தணிக்க வழிகிறது. கடும் வெயிலில் கடும் உழைப்பென்றால் மணிக்கு ஒரு லிட்டர் கூடப் போய்விடும். ஈடு செய்யாவிட்டால் இதயம் படபடக்கும், தலை சுற்றும். நாள்தோறும் அப்படியே கழிந்தால் சிறுநீரகமும் கெடும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல், கால்மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு தம்ளர் குடிக்க வேண்டும். ஒரேயடியாகக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போவதால், நம் பாட்டிமார் உப்பிட்டுத் தந்த நீராகாரமும் மோரும் வெறும் பழக்கமல்ல, மருந்து. சரி, கால்மணிக்கு ஒரு முறை! எந்த மேஸ்திரி விடுவான்?

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே விடவில்லை, தோழர்களே! 1931-இல் கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை எழுந்துகொண்டிருந்தது. 120 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டிய வெயிலில் தொழிலாளர் சுருண்டு விழுந்து மாண்டனர். ஆகஸ்டில் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் மூண்டது. கோரிக்கைப் பட்டியலில் கூலியோடு குளிர்ந்த குடிநீரும் இருந்தது! வேலைநிறுத்தத்தை நிர்வாகம் முறித்தது. ஆயினும் அதன்பின் குடிநீரும் குடியிருப்பும் சீர்பட்டன. மறு ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அங்கே சென்று சோதித்து, தசை பிடித்து வீழ்ந்தவர்கள் நீரோடு உப்பையும் இழந்தவர்கள் என்று கண்டனர். ஆராய்ச்சி வந்தது 1932-இல். தொழிலாளி கேட்டது 1931-இல்.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்லிற்று. வசதியான இடத்தில் போதிய நல்ல குடிநீர். தொழிலாளர் பெரும்பாலோர்க்குப் புரியும் மொழியில் 'குடிநீர்' என்ற பலகை. கழிப்பிடத்துக்கும் சாக்கடைக்கும் ஏறத்தாழ இருபதடி தள்ளி. 250 பேருக்கு மேற்பட்ட ஆலையில் கோடையில் குளிர்ந்த நீர். அச்சட்டத்தின் இடத்துக்கு 2020-இல் இயற்றிய புதிய தொகுப்பு வந்துவிட்டது. ஆனால் குடிநீர் தருவது முதலாளியின் கடமை என்பது அதிலும் போகவில்லை.

தண்ணீர் இருந்தும் குடிக்காதவர்கள் உண்டு. யார்? பெண் தொழிலாளர். ஏன்? கழிப்பிடம் இல்லை, அல்லது போக விடுவதில்லை. காலையில் வாயைக் கட்டியவர்கள் மாலை வரை கட்டிக்கொண்டே சுமக்கிறார்கள். நீர்க்கடுப்போடு வீடு திரும்புகிறார்கள். இவர்களிடம் தண்ணீரின் மகிமையைப் பேசுவது கேலியல்லவா?

கிளைச் சங்கக் கூட்டங்களில் போனஸ் பேசுகிறோம், பஞ்சப்படி பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அடுத்த கூட்டத்துக்கு வருமுன் ஒவ்வொரு தோழரும் தம் இயந்திரத்திலிருந்து குடிநீர்க் குழாய்வரை எத்தனை அடி, பெண்கள் கழிப்பிடம் எத்தனை அடி என்று அளந்து எழுதி வாருங்கள். அந்தத் தாளே மனுவின் முதற்பக்கம் ஆகட்டும்.